பாசறை முதல் பதுங்குகுழி வரை: காலாட்படையின் தற்காலிக நிலைகள்

போர் வரலாறுகளில் பெரும்பாலும் மோதலே முன்னிற்கிறது. மோதலுக்கும் மோதலுக்கும் இடையே படைகள் கழித்த இரவுகள் ஓரிரு வரிகளில் முடிந்துவிடுகின்றன. ஆனால் நடந்து செல்லும் படை எல்லா நாளும் போரிடுவதில்லை. எல்லா இரவும் அது எங்கேனும் தங்கியாக வேண்டும். களைத்த உடல், கழற்றி வைத்த கவசம், பழக்கமில்லாத நிலம், இருட்டு ஆகிய நான்கும் ஒன்றுசேரும் அந்த வேளையில்தான் படை அழிவுக்கு மிக அருகில் இருக்கிறது என்பதைப் பழங்காலத் தளபதிகள் நன்கறிந்திருந்தனர். ஆகவே, ஓரிரவுக்கோ சில நாள்களுக்கோ மட்டுமே பயன்படும் தற்காலிக நிலையை அமைப்பதும் காப்பதும், கோட்டை கட்டுவதிலிருந்து வேறுபட்ட ஒரு தனிக்கலையாக வளர்ந்தன. ஈராயிரம் ஆண்டுகளில் அக்கலை கண்ட மாற்றத்தை இரண்டு போக்குகளில் அடக்கலாம். ஆயுதங்களின் வீச்சு கூடக் கூட, ஒரே மதிலுக்குள் திரண்டிருந்த படை பிரிந்து பரவி மண்ணுக்குள் இறங்கியது. அப்படிப் பரவியதால், நிலையைத் தேர்ந்து அமைக்கும் பொறுப்பும் அரசனையும் தளபதியையும் விட்டு இறங்கி, முப்பது நாற்பது பேர் கொண்ட பிளாட்டூனின் தலைவரிடம் வந்து சேர்ந்தது. இவ்விரண்டுக்கும் நடுவே பெரிதும் மாறாமல் நின்றது இரவுக் காவலின் ஒழுங்கு ஒன்றே.

மதிலும் முள்வேலியும்

தற்காலிகப் பாசறையை அன்றாட வழக்கமாகவே ஆக்கிக்கொண்டது ரோமானியப் படை. கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ் தம் வரலாற்று நூலின் ஆறாம் பகுதியில் அதை அளவுகளோடு விவரிக்கிறார். படை வந்து சேருமுன்பே சில அதிகாரிகள் முன்னே சென்று இடத்தைத் தேர்ந்து, தளபதியின் கூடாரம் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு கொடியை நடுவர். தெருக்களும் ஒவ்வொரு பிரிவின் இருப்பிடமும் அக்கொடியிலிருந்தே அளந்து குறிக்கப்படும். எந்த நாட்டில் பாசறை இறங்கினாலும் உள்ளமைப்பு ஒன்றே என்பதால், வீரன் தன் சொந்த ஊருக்குள் நுழைபவனைப் போல யாரையும் கேட்காமல் தன் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தான். சுற்றிலும் அகழி வெட்டப்பட்டது. வெட்டிய மண் உட்புறம் கரையாக உயர்ந்தது. வீரர்கள் தாமே சுமந்து வந்த கூர்முனைக் கழிகள் அக்கரைமேல் நெருக்கமாக நடப்பட்டன. கரைக்கும் முதல் வரிசைக் கூடாரங்களுக்கும் இடையே 200 அடி வெற்றிடம் விடப்பட்டது. வெளியிலிருந்து எறியப்படும் ஈட்டியும் தீப்பந்தமும் கூடாரங்களை எட்டாமலிருக்கவும், திடீரெனத் தாக்குதல் வந்தால் படை அணிவகுக்கவும் அந்த இடம் தேவைப்பட்டது.

கி.பி. 1ஆம் நூற்றாண்டில் யூதப் போரைப் பற்றி எழுதிய ஜோசபஸ், ரோமானியக் காலாள் ஆயுதங்களோடு வாள்ரம்பம், கூடை, பிக்காசு, கோடரி, மூன்று நாள் உணவு ஆகியவற்றையும் சுமந்து சென்றதைக் குறிப்பிடுகிறார். புறப்படும்போது பாசறைக்குத் தாங்களே தீ வைத்தனர் என்பதும் அவர் தரும் செய்திதான். வேறொன்றை எளிதில் கட்டிக்கொள்ளலாம், ஆனால் விட்டுச் செல்வதை எதிரி பயன்படுத்திக்கொள்ளக் கூடாது என்பது அதன் நோக்கம். ஓர் இரவுக்கென்று எழுப்பி மறுநாள் அழிக்கும் அரணுக்கு இவ்வளவு உழைப்பைக் கொடுத்தது, படையின் உறக்கத்துக்கு ரோமானியர் வைத்த விலையைக் காட்டுகிறது.

அதைவிட நுட்பமானது அவர்களுடைய இரவுக் காவல். நாள்தோறும் மாலையில் அன்றைய அடையாளச் சொல் ஒரு மரப்பலகையில் எழுதப்பட்டு, பாசறையின் கடைக்கோடியில் தங்கிய பிரிவிடம் முதலில் கொடுக்கப்படும். அங்கிருந்து சாட்சிகள் முன்னிலையில் ஒவ்வொரு பிரிவாகக் கைமாறி, இருட்டுவதற்குள் அதிகாரியிடமே அது திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால், எந்தப் பிரிவில் அது நின்றது என்பது பலகையிலிருந்த குறியைக் கொண்டே தெரிந்துவிடும். இரவு நான்கு யாமங்களாகப் பகுக்கப்பட்டது. காவல் நிற்போரிடம் குறி பொறித்த சிறு வில்லைகள் இருந்தன. சீட்டுக் குலுக்கித் தேர்ந்த குதிரைவீரர்கள் யாமத்துக்கு ஒருவராகச் சுற்றிவந்து, விழித்திருந்தவனிடமிருந்து வில்லையை வாங்கிக்கொண்டனர். தூங்கியவனைக் கண்டால் எழுப்பாமல், உடன் வந்தோரைச் சாட்சி வைத்துவிட்டு நகர்ந்தனர். விடிந்ததும் வில்லைகள் எண்ணப்பட்டு, எண்ணிக்கை குறைந்தால் விசாரணை நடந்தது. குற்றம் உறுதியானால் சக வீரர்களே கழியாலும் கல்லாலும் அடித்துத் தண்டித்தனர். மதில் எவ்வளவு உயர்ந்திருந்தாலும் அதன்மேல் நிற்பவன் விழித்திருந்தால்தான் அது மதில் என்ற தெளிவே இந்த ஏற்பாட்டுக்கு அடிப்படை.

கௌடிலியரின் பெயரால் வழங்கும் அர்த்தசாஸ்திரம், பத்தாம் அதிகரணத்தின் தொடக்கத்தில் படைவீடு அமைக்கும் முறையைச் சொல்கிறது. படைத்தலைவன், தச்சன், கணியன் ஆகிய மூவரும் சேர்ந்து, வட்டமாகவோ நீள்சதுரமாகவோ சதுரமாகவோ அல்லது நிலத்தின் போக்குக்கு ஏற்பவோ அதை அளந்து வகுக்க வேண்டும். நான்கு வாயில், ஆறு பாதை, ஒன்பது பகுதி என்பது அமைப்பு. அகழியும் மதிலும் காவற்கோபுரமும் அச்சம் உள்ள இடத்திலும் நெடுநாள் தங்கும்போதும் தேவை என்று அந்நூல் வரையறுப்பதால், இரவுதோறும் மதில் எழுப்பும் ரோமானிய வழக்கம் அதற்கு இல்லை எனலாம். மாறாக, அதன் கவனம் முன்னறிவிப்பில் குவிகிறது: வேடர்களும் நாய் வளர்ப்போரும் பறையோடும் நெருப்போடும் வெளிவட்டத்தில் நிறுத்தப்படுகின்றனர், எதிரி வரக்கூடிய வழிகளில் மறைகுழியும் முள்ளும் வைக்கப்படுகின்றன, காவற்பிரிவுகள் முறைமாற்றி நிறுத்தப்படுகின்றன, படைவீட்டுக்குள் பூசலும் குடியும் கூட்டமும் சூதும் தடுக்கப்பட்டு, முத்திரை இல்லாதவரின் நடமாட்டம் கட்டுப்படுத்தப்படுகிறது.

தமிழில் இத்தகைய பாசறையின் விரிவான சித்திரம் பத்துப்பாட்டுள் மிகச் சிறியதான முல்லைப்பாட்டில் கிடைக்கிறது. நப்பூதனார் பாடிய 103 அடிகளைக் கொண்ட அப்பாட்டு, தலைவனைப் பிரிந்திருக்கும் தலைவியின் ஆற்றியிருத்தலைப் பொருளாகக் கொண்டது, போர்நூல் அன்று. ஆயினும் அதன் நடுப்பகுதி, பாசறை எழும் வரிசையைப் பிசகாமல் பின்பற்றுகிறது. காட்டாறு சூழ்ந்த முல்லை நிலத்தில் முதலில் பிடவமும் புதர்களும் வெட்டப்படுகின்றன. எதிர்ப்பு எழக்கூடிய வேடர் அரண்கள் அழிக்கப்படுகின்றன. பிறகு காட்டு முள்ளை வெட்டி வளைத்த வேலியே மதிலாகிறது. உள்ளே தழை வேய்ந்த கூரைகள் தெருவாக நீள, தெருக்கள் கூடும் சந்தியில் மதயானை ஒன்று காவலுக்கு நிற்கிறது. கரும்பையும் நெற்கதிரையும் உண்ண மறுக்கும் அந்த யானையை இளம் பாகர் வடமொழிச் சொற்களைச் சொல்லிக் கவளம் உண்ணத் தூண்டுகின்றனர். நட்டு வைத்த விற்களில் அம்புத்தூணிகள் தொங்குகின்றன. ஊன்றிய ஈட்டிகளோடு கேடயங்களை நிரல்படச் சார்த்தி அவற்றையே உள்ளரணாக்கியிருக்கின்றனர். ஆயுதம் பயன்படாமல் கிடக்கும் நேரத்திலும் சுவராக நின்று காக்க வேண்டும் என்ற இந்தச் சிக்கனம், எல்லாக் காலத்துத் தற்காலிக நிலைக்கும் உரிய இயல்பு.

படைகளின் நடுவே நெடுங்கழிகளை நட்டுத் திரை வளைத்த அரசனின் இருப்பிடத்தில், காவல் அடுக்கடுக்காக இருக்கிறது. கச்சில் வாள் செருகிய மங்கையர் விளக்கு அவியுந்தோறும் நெய்வார்த்து ஏற்றுகின்றனர்; முதிய மெய்காப்பாளர் நள்ளிரவில் சுற்றிவருகின்றனர்; நாழிகைக் கணக்கர் நீர்க்கடிகையைப் பார்த்துப் பொழுதை அறிவிக்கின்றனர்; சட்டையணிந்த யவனர் அமைத்த உள்ளறையில், சைகையால் மட்டும் பேசும் மிலேச்சர் அருகிருந்து காக்கின்றனர். கேட்டதை வெளியே சொல்ல இயலாதவரை அரசனுக்கு மிக அருகில் நிறுத்துவது, அடையாளச் சொல்லையும் முத்திரையையும் போலவே, செய்தி கசியாமலிருக்கச் செய்த ஏற்பாடாகத் தோன்றுகிறது. அத்தனை காவலுக்கு நடுவிலும் அரசன் உறங்கவில்லை. முந்தைய போரில் புண்பட்ட யானைகளையும் குதிரைகளையும் மாண்ட வீரர்களையும் எண்ணியபடி விழித்திருக்கிறான்.

ரோமானியப் பாசறைக்கும் அர்த்தசாஸ்திரப் படைவீட்டுக்கும் முல்லைப்பாட்டுப் பாசறைக்கும் பொதுவான கூறுகள் இரண்டு. முழுப் படையும் ஒரே எல்லைக்குள் அடங்கியிருந்தது. எல்லாக் காவலும் நடுவிலிருந்த தலைமையை நோக்கியே அடுக்கப்பட்டது. அம்பும் ஈட்டியும் சில நூறு அடிகளைத் தாண்டாத வரையில் இந்த அமைப்பில் குறை காண வழியில்லை.

காட்டுப் போரும் விடியலும்

வெடிமருந்து வந்த பிறகும் ஐரோப்பியப் படைகள் நெடுங்காலம் வரிசைக் கூடாரங்களிலேயே தங்கின. சிறு அணியின் இரவுத் தங்கலுக்குத் தனி விதிகள் தேவை என்பது வட அமெரிக்கக் காடுகளில் பிரெஞ்சுக்காரருக்கும் ஆங்கிலேயருக்கும் நடந்த போரில் தெளிவாயிற்று. அப்போரில் ரேஞ்சர் படையை நடத்திய ராபர்ட் ரோஜர்ஸ் 1757இல் தம் ஆள்களுக்கென 28 விதிகளை எழுதினார். இரவில் அணியின் பாதிப்பேர் மாறி மாறி விழித்திருக்க வேண்டும். ஒவ்வொரு காவலிடத்திலும் ஆறு பேர் இருந்து, அவர்களில் இருவர் எப்போதும் விழிப்போடு இருக்க வேண்டும். இதனால் காவல் மாற்றுவதற்காக இருட்டில் யாரும் முகாமிலிருந்து நடந்து வரவேண்டிய தேவை இராது. விடியற்காலையே எதிரி தாக்க விரும்பும் நேரமாதலால் அப்போது அனைவரும் எழுந்து ஆயத்தமாக இருக்க வேண்டும் என்பதும் அவர் விதிகளுள் ஒன்று. பொழுது விடியும்போதும் சாயும்போதும் முழு அணியும் ஆயுதத்தோடு தத்தம் இடத்தில் நிற்கும் ‘ஸ்டாண்ட் டு’ என்னும் வழக்கம், பின்னர் பிரிட்டிஷ் படையிலும் அதன் வழிவந்த இந்தியப் படையிலும் நிலைபெற்றது. ரோஜர்ஸின் விதிகளில் மதில் இல்லை. அதன் வேலையை விழித்திருப்போரின் எண்ணிக்கை செய்கிறது.

மண்வெட்டி ஆயுதமான காலம்

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் துப்பாக்கி இருவகையில் மாறியது. குழலின் உட்புறத்தில் வெட்டிய சுருள்வரிகள் தோட்டாவைச் சுழற்றி அனுப்பியதால் குறியின் தொலைவு பல மடங்கு கூடியது. பின்புறம் தோட்டா போடும் முறை வந்ததால், அதுவரை நின்றுகொண்டே மருந்து கெட்டித்த வீரன் படுத்தபடியே சுட முடிந்தது. நிமிர்ந்து நிற்பவன் சாவான், படுப்பவன் பிழைப்பான் என்ற நிலை வந்தபின், படுப்பவனுக்கு முன்னால் ஒரு முழ உயரத்துக்கு மண் குவிந்திருந்தால் இன்னும் நல்லது என்பதை வீரர்கள் தாமாகவே கண்டுகொண்டனர். அமெரிக்க உள்நாட்டுப் போரில், பீட்டர்ஸ்பர்க் நகரைச் சுற்றி 1864 ஜூன் முதல் 1865 ஏப்ரல் வரை இரு தரப்பும் அகழிகளுக்குள் எதிரெதிரே கிடந்தன.

இந்தத் தேவைக்கு விடையாக 1869இல் டென்மார்க் படை அதிகாரி லின்னெமன் ஒரு சிறு மண்வெட்டியை வடிவமைத்தார். ஏறத்தாழ ஒன்றரை அடி நீளமுள்ள அதைக் காலாள் இடுப்பில் செருகிக்கொண்டு, படுத்தபடியே மண்ணைத் தோண்ட முடிந்தது. விளிம்பைத் தீட்டினால் கிளை வெட்டவும் ஆயிற்று. பொறியாளர் பிரிவின் வண்டியில் வந்த கருவி ஒவ்வொரு வீரனின் உடைமையாக மாறியதன் பொருளை 1877இல் பிளெவ்னா உணர்த்தியது. இன்றைய பல்கேரியாவிலுள்ள அவ்வூரில் துருக்கியத் தளபதி ஒஸ்மான் பாஷா அவசர அவசரமாக மண்ணரண்களை எழுப்பி, ரஷ்யப் படையின் மூன்று பெருந்தாக்குதல்களை முறியடித்தார். முற்றுகையால் உணவு தீர்ந்த பிறகே, அந்த ஆண்டு டிசம்பரில் ஊர் வீழ்ந்தது. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் ரோமானியக் காலாள் சுமந்த பிக்காசும் கூடையும் வேறு வடிவில் காலாளிடம் திரும்பி வந்தன. வேறுபாடு என்னவெனில், அவன் இப்போது படைக்குச் சுற்றுமதில் எழுப்பவில்லை, தனக்கென ஒரு குழி தோண்டினான்.

முள்வேலிக்கும் அக்காலத்திலேயே ஒரு மாற்று உருவானது. இல்லினாயைச் சேர்ந்த உழவர் ஜோசப் கிளிடன் 1874இல் காப்புரிமை பெற்ற முள்கம்பி, மேய்ச்சல் நிலத்து மாடுகளைத் தடுக்கச் செய்யப்பட்டது. சுருட்டி எடுத்துச் செல்லவும், எந்த நிலத்திலும் சில மணி நேரத்தில் கட்டவும் முடிந்ததால் அது விரைவில் போர்க்களத்துக்கு வந்தது. காட்டு முள் கிடைக்காத இடத்திலும் பாசறைக்கு வேலி சாத்தியமாயிற்று.

இரண்டு குன்றுகளும் ஓர் ஆற்றுத்துறையும்

குழி தோண்டினால் போதாது, அதை எங்கே தோண்டுவது என்பதே முதற்கேள்வி என்று தென்னாப்பிரிக்க போயர் போர் கற்பித்தது. 1899 டிசம்பர் 11இல் மாகர்ஸ்ஃபொன்டெய்னில், வழக்கப்படி குன்றின் உச்சியில் அரண் அமைக்காமல் அடிவாரத்தில் நீண்ட குழிகளை வெட்டி மறைக்கும்படி போயர் தலைவர் டெலாரே வற்புறுத்தினார். முந்தைய நாள் பிரிட்டிஷ் பீரங்கிகள் ஆளில்லாத உச்சியையே துளைத்தன. விடியும் முன் நெருக்கமான அணியாக நடந்துவந்த ஹைலாண்டு படைப்பிரிவு, அடிவாரக் குழிகளுக்குச் சில நூறு கெஜத் தொலைவில் திடீரெனச் சூட்டுக்கு உள்ளாயிற்று. அந்நாளில் பிரிட்டிஷ் தரப்பில் மாண்டோரும் காயமுற்றோரும் 900க்கு மேல். உச்சியிலிருந்து சுடும் தோட்டா சரிந்து வந்து ஓரிடத்தில் மண்ணில் புதையும். தரைமட்டத்திலிருந்து சுடும் தோட்டா நிலத்தை ஒட்டியே நெடுந்தூரம் பறந்து வழியில் உள்ளவரையெல்லாம் தாக்கும் என்பது அந்த இடத்தேர்வின் அறிவு.

ஆறு வாரங்கள் கழித்து, 1900 ஜனவரி 24இல் ஸ்பியன் காப் குன்றில் அதன் மறுபக்கம் தெரிந்தது. இரவில் மூடுபனிக்குள் ஏறிய பிரிட்டிஷ் வீரர்கள், உச்சியைப் பிடித்துவிட்டதாக நம்பிக் குழி வெட்டத் தொடங்கினர். பாறை நிலம், கையில் இருந்தவை இருபது பிக்காசும் இருபது மண்வெட்டியும், மணல் மூட்டைகளை எடுத்துவரத் தவறியிருந்தனர். ஏறத்தாழ 40 செ.மீ. ஆழத்துக்கு மேல் தோண்ட முடியவில்லை. பனி விலகியபோது, தாங்கள் வெட்டிய குழி குன்றின் விளிம்பில் இல்லாமல் மேட்டுச் சமவெளியின் நடுவில் கிடப்பதையும், விளிம்புக்குக் கீழே எதிரி மறைந்து வரக்கூடிய சரிவு கண்ணுக்கே படாமலிருப்பதையும், அண்டைக் குன்றுகளிலிருந்து குழியின் நீளவாக்கில் சுட முடிவதையும் கண்டனர். பிரிட்டிஷ் வீரர்களில் 243 பேர் மாண்டனர். காயமுற்றோரைச் சுமந்தவர்களுள் மோகன்தாஸ் காந்தி திரட்டிய சுமார் 1,100 பேர் கொண்ட இந்திய ஆம்புலன்ஸ் படையினரும் இருந்தனர். அவர்களில் பெரும்பகுதியினர் நேட்டால் தோட்டங்களின் ஒப்பந்தத் தொழிலாளர்கள், அத்தொழிலாளர்களுள் தமிழகத்திலிருந்து கப்பலேறியவர்கள் ஏராளம்.

இப்படிப்பினைகளை ஒரு சிறு நூலாக்கியவர், பிற்காலத்தில் டாங்கி உருவாகப் பாடுபட்ட பிரிட்டிஷ் அதிகாரி எர்னஸ்ட் ஸ்வின்டன். புனைபெயரில் அவர் 1904இல் வெளியிட்ட ‘டஃபர்ஸ் டிரிஃப்ட்’ என்னும் கதையில், ஐம்பது வீரர்களோடு ஓர் ஆற்றுத்துறையைக் காக்க விடப்பட்ட இளம் லெப்டினன்ட் ஆறு கனவுகள் காண்கிறார். ஐந்தில் தோற்று ஆறாவதில் நிலைக்கிறார். முதற்கனவில் அவர் அரண் வேலையை மறுநாளைக்குத் தள்ளிப்போட்டு, கூடாரமடித்து நெருப்பு மூட்ட விடுகிறார். பின்வரும் கனவுகளில், குழி வெட்டியும் முதுகுப்புறத்தை மறந்துவிடுவதும், பால் விற்க வந்த உள்ளூர்க்காரர் கண்டதை எதிரியிடம் சொல்வதும், புதுமண் தூரத்திலிருந்தே நிலையைக் காட்டிக்கொடுப்பதும், கண்ணுக்கு வலுவாகத் தோன்றும் மேட்டை நம்புவதும் தோல்வியைத் தருகின்றன. இறுதியில் ஆற்றங்கரை மடிப்பிலேயே மறைந்து, நான்கு புறமும் காத்துக்கொள்ளும்போது நிலை நிற்கிறது. முன்பக்கம் என்று ஒன்று தனியாக இல்லை, ஒவ்வொரு சிறு நிலையும் தன்னளவில் முழுப் பாசறை என்பதே அந்நூலின் சாரம். உலகின் பல படைக் கல்லூரிகளில் அது நெடுங்காலம் பயிலப்பட்டது.

பிளாட்டூனின் கைக்கு வந்த நிலம்

முதல் உலகப் போரின் மேற்கு முனையில் தற்காலிகக் குழிகள் இணைந்து நிரந்தர அகழிகளாயின. ஒரு குண்டு வெடித்தால் அதன் சிதறல் நீளவாக்கில் பரவாமலிருக்க அகழி நேர்கோட்டில் வெட்டப்படாமல் மடிப்பு மடிப்பாகத் திரும்பியது. முன்புற மண்தடுப்போடு பின்புறத் தடுப்பும் சேர்ந்தது. முள்கம்பிக்கு வெளியே ஒட்டுக்கேட்கும் சிறு காவலிடங்கள் தோன்றின. 1914 அக்டோபரில் பிரான்சில் களம் புகுந்த இந்தியப் படையினர், வெயிலுக்கும் மலைக்கும் பழகியிருந்தவர்கள், நீர் ஊறும் அந்தச் சேற்று அகழிகளில் குளிர்காலத்தைக் கழித்தனர். முள்கம்பியை உடைக்கும் கருவி ஒன்று தென்னிந்தியாவிலிருந்தே போயிற்று. தமிழ்நாட்டு வீரர்கள் பெருமளவில் சேர்ந்ததும், ‘தம்பி’ என்ற செல்லப்பெயரால் வழங்கப்பட்டதுமான மெட்ராஸ் சாப்பர்ஸ் என்னும் பொறியாளர் படையின் பெங்களூர் தலைமையகத்தில், கேப்டன் மெக்ளின்டாக் 1912இல் அதை உருவாக்கினார். வெடிமருந்து நிரப்பிய குழாய்களை ஒன்றோடொன்று பொருத்திக் கம்பிக்கு அடியில் தள்ளி வெடிக்கச் செய்யும் அக்கருவி, இன்றும் ‘பெங்களூர் டார்பிடோ’ என்றே அறியப்படுகிறது.

போரின் பிற்பாதியில் தொடர் அகழியே இலக்காகிவிட்டது. பீரங்கிகள் அதன் நீளத்தை வரைபடத்தில் பார்த்துச் சிதைத்தன. ஆகவே ஜெர்மானியர் 1917 முதல் முன்வரிசையை மெலிதாக்கி, குண்டுக் குழிகளிலும் சிறு காங்கிரீட் அறைகளிலும் இயந்திரத் துப்பாக்கிகளைச் சிதறலாக, ஒன்றுக்குப் பின் ஒன்றாக ஆழத்தில் வைத்தனர். அதே ஆண்டு பிப்ரவரியில் பிரிட்டிஷ் படை வெளியிட்ட பயிற்சிக் கையேடு, பிளாட்டூனைத் துப்பாக்கிக்காரர், கையெறி குண்டுக்காரர், லூயிஸ் இயந்திரத் துப்பாக்கிக்காரர், துப்பாக்கிவழிக் குண்டு எறிவோர் என நான்கு செக்‌ஷன்களாகப் பிரித்தது. அதற்குமுன் பெரிய அணியின் ஒரு துண்டாக மட்டும் இருந்த பிளாட்டூன், தனக்கு வேண்டிய எல்லா ஆயுதங்களையும் கொண்ட சிறு படையாயிற்று. அப்படிப்பட்ட அணிக்குத் தனி இடத்தை ஒப்படைக்கலாம். ஒப்படைத்தபின், எந்த மடிப்பில் எந்தத் துப்பாக்கி என்பதை இருபது வயது லெப்டினன்டும் அவருக்குத் துணையான அனுபவமிக்க சார்ஜென்ட் அல்லது ஹவில்தாருமே முடிவு செய்ய வேண்டியதாயிற்று.

பர்மாக் காடும் பனிமலையும்

சுற்றிலும் காக்கும் நிலை என்ற கருத்து மிகப் பெரிய அளவில் சோதிக்கப்பட்ட களம் பர்மா. 1942இல் ஜப்பானியப் படை காட்டுவழியாகப் பின்னால் வந்து சாலையை அடைத்தபோதெல்லாம் பிரிட்டிஷ் இந்தியப் படை பின்வாங்கியது. ஜெனரல் ஸ்லிம்மின் கீழ் அப்படை கற்றுக்கொண்ட மாற்று, பின்புறம் அறுக்கப்பட்டாலும் நகராமல் வட்டமாக நின்று, விமானம் போடும் உணவையும் குண்டையும் கொண்டு போரிடுவது. ‘பாக்ஸ்’ என்று அழைக்கப்பட்ட அந்த முறை, 1944 பிப்ரவரி 5 முதல் 23 வரை அரக்கான் பகுதியின் சின்ஸ்வேயாவில் நடந்த முற்றுகையில் வெற்றி கண்டது. அங்கே காவலுக்கு நின்றவர்களில் எழுத்தர்களும் சமையல்காரர்களும் வண்டியோட்டிகளும் இருந்தனர். பிப்ரவரி 7 இரவில் எதிரி மருத்துவ நிலையத்துக்குள்ளேயே புகுந்து நோயாளிகளையும் மருத்துவர்களையும் கொன்ற பிறகு, பின்னணி வேலையாள் என்ற வேறுபாட்டுக்கு அங்கு இடமில்லாமற் போயிற்று.

இரவுகளில் ஜப்பானியர் சிறு குழுக்களாக நெருங்கி, கூச்சலிட்டும் பட்டாசு வெடித்தும் கண்டபடி சுட்டும் எதிரணியைச் சீண்டினர். பதற்றத்தில் ஒருவன் இயந்திரத் துப்பாக்கியால் சுட்டுவிட்டால், அதன் ஒளிச்சிதறலே நிலையின் முக்கியமான ஆயுதம் இருக்கும் இடத்தைக் காட்டிவிடும். மறுநாள் குண்டு அங்கேதான் விழும். அதனால் இருவர் இருவராகக் குழியில் இருந்து, இருட்டிய பின் குழியைவிட்டு எழாமல், கண்ணுக்குத் தெளிவாகத் தெரியாத எதையும் சுடாமல், தேவையானால் கையெறி குண்டை மட்டும் வீசும் கட்டுப்பாடு பயிற்சியால் ஊட்டப்பட்டது. சுடாமலிருக்கும் திறமை காவலின் பகுதியாயிற்று.

நிலம் இடம் கொடுக்காதபோது எல்லா விதிகளும் எவ்வாறு தடுமாறும் என்பதற்கு 1962 நவம்பர் 18இல் லடாக்கின் ரெசாங் லா சான்று. 16,000 அடிக்கு மேற்பட்ட அக்கணவாயில், 13ஆம் குமாவோன் படையணியின் சார்லி கம்பெனி, மேஜர் சைத்தான் சிங் தலைமையில் சுமார் 120 பேரோடு நின்றது. உறைந்த நிலத்தில் குழி வெட்டுவதே கடினம். இடையிலிருந்த மலைமுகடு இந்தியப் பீரங்கிகளின் உதவியை மறைத்தது. அகன்ற கணவாயைக் காக்க மூன்று பிளாட்டூன்களும் தள்ளித் தள்ளி நிற்க வேண்டியிருந்ததால் ஒன்றுக்கொன்று சூட்டால் துணைசெய்வது அரிதாயிற்று. ஒவ்வொரு பிளாட்டூனும் தன் இடத்தில் தனித்தே போரிட்டு முடிந்தது. 114 பேர் மாண்டனர். சில மாதங்கள் கழித்துத் தேடுதல் அணி சென்றபோது பலருடைய உடல்கள் தத்தம் குழிகளிலேயே ஆயுதத்தோடு கண்டெடுக்கப்பட்டன. பொறுப்பு பிளாட்டூன் வரை இறங்கி வந்ததன் கடுமையான விளைவு அங்கு வெளிப்பட்டது.

நிலை அமைக்கும் வரிசை

இந்த அனுபவங்கள் படிந்து உருவானதே, பிரிட்டிஷ் மரபில் வந்த படைகள் இன்று கற்பிக்கும் பிளாட்டூன் தங்கல் முறை. இடத்தைப் பொழுதிருக்கும்போதே சிறு குழு பார்த்து வருகிறது; பாதை, ஊர், நீர்நிலை ஆகியவற்றுக்கு மிக அருகில் இல்லாததும், மறைவுள்ளதும், தப்பிச் செல்ல வேறு வழி உள்ளதுமான இடமே தேரப்படுகிறது. அணி நேராக அதற்குள் நுழைவதில்லை. சற்றுக் கடந்து சென்று வளைந்து திரும்பி, தான் வந்த தடத்தையே பார்த்தபடி பதுங்குகிறது. பின்தொடர்ந்து வருபவன் எவனாயினும் துப்பாக்கியின் முன்னால் கடந்தாக வேண்டும். சிறிது நேரம் அசையாமல் காது கொடுத்துக் கேட்ட பிறகே இடம் பிரித்துக் கொடுக்கப்படுகிறது.

வழக்கமான வடிவம் முக்கோணம்: பக்கத்துக்கு ஒரு செக்‌ஷன், முனைகளில் இயந்திரத் துப்பாக்கிகள், நடுவில் பிளாட்டூன் தலைவர். எந்தப் பக்கம் தாக்கப்பட்டாலும் இரண்டு முனைகளிலிருந்து அப்பக்கத்தின் முன்னால் குறுக்காகச் சுட இது வழிசெய்கிறது. பிறகு சிறு ரோந்துக் குழுக்கள் வெளியே சுற்றிவந்து சுற்றுப்புறம் ஆளற்றது என்று உறுதி செய்கின்றன. அதன்பின்னரே தோண்டும் வேலை தொடங்குகிறது, அப்போதும் ஒரு பகுதியினர் ஆயுதத்தோடு வெளிநோக்கியே இருக்கின்றனர். முதலில் படுத்தால் மறையும் ஆழம். நேரம் கிடைத்தால் நின்று சுடும் மார்பளவு ஆழம். இன்னும் தங்கினால் மேற்கூரை. ஒவ்வொரு துப்பாக்கிக்கும் சுடும் எல்லை வகுக்கப்பட்டு, அதன் இரு ஓரங்களிலும் குச்சிகள் நடப்படுகின்றன. இருட்டில் துப்பாக்கிக் குழல் குச்சியில் முட்டும்போது, அதற்கப்பால் தன் ஆள்கள் இருக்கின்றனர் என்பதை வீரன் கையாலேயே அறிகிறான். குழிக்குக் குழி கயிறு கட்டப்படுகிறது. நள்ளிரவில் காவல் மாறுபவன் விளக்கில்லாமல் அதைத் தடவியே தன் இடத்தை அடைகிறான். சமையல் இருட்டுமுன் முடிகிறது. பொழுது சாயும்போது அனைவரும் ஆயுதத்தோடு நிற்கின்றனர். அடையாளச் சொல் வாய்வழியே சுற்றிவருகிறது. இருவராக நிற்கும் காவலில் ஒருவர் மாறும்போது மற்றவர் இருட்டுக்குப் பழகிய கண்ணோடு தொடர்கிறார். புறப்படும்போது குழிகள் மூடப்பட்டு, குப்பை அகற்றப்பட்டுத் தடம் மறைக்கப்படுகிறது.

இந்த வரிசையை ரோமானியப் பாசறையோடு ஒப்பிட்டால், முன்னே சென்று இடம் குறிப்போர், ஒரே வகை உள்ளமைப்பு, சுற்றிவரும் அடையாளச் சொல், முறைமாற்றி விழிக்கும் காவல், விட்டுச் செல்வதை அழித்தல் என ஒவ்வொன்றும் அங்கே உண்டு. நடுவில் நட்ட கொடிக்குப் பதிலாகப் பிளாட்டூன் தலைவர் படுத்திருக்கும் குழி இருக்கிறது. மறைந்து போனது மதில் மட்டுமே. அது செய்த வேலை பலருக்குப் பகிர்ந்து கொடுக்கப்பட்டுவிட்டது: எதிரியைத் தடுப்பது குறுக்குச் சூட்டின் பொறுப்பு, முன்னறிவிப்பது ரோந்தின் பொறுப்பு, மறைப்பது நிலத்தின் பொறுப்பு.

2022இல் தொடங்கிய உக்ரைன் போர் இந்தப் போக்கை மேலும் ஒரு படி நகர்த்தியிருக்கிறது. உடல் வெப்பத்தை இரவிலும் காட்டும் கேமராவோடு பறக்கும் சிறு டிரோன்கள், இருட்டும் மரநிழலும் தந்த மறைவைப் பெருமளவு பறித்துவிட்டதால், முன்வரிசை நிலைகள் இரண்டு மூன்று பேர் தங்கும் குழிகளாகச் சுருங்கி ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றன. கூரை பிந்திய கட்டத்து வேலையாக இல்லாமல் தொடக்கத்திலேயே தேவையாகிறது. ஸ்வின்டனின் லெப்டினன்ட் முதுகுப்புறத்தை மறந்து தோற்றதைப் போல, இன்றைய பிளாட்டூன் தலைவர் தலைக்கு மேலே உள்ள வெளியை மறந்தால் தோற்கிறார். நிலையின் அளவும் வடிவமும் இன்னும் மாறக்கூடும். பொறுப்பும் பிளாட்டூன் தலைவரிடமிருந்து செக்‌ஷன் தலைவருக்கும், அவரிடமிருந்து குழியில் இருக்கும் இருவருக்கும் இறங்கக்கூடும். அவ்வாறு இறங்கும்போது, உறங்குவோரின் உயிருக்கு விழித்திருப்பவன் பொறுப்பு என்ற பழைய விதி மட்டும் அந்த இருவர் மீதும் முழுப் பாரத்தோடு வந்து விழும். சுற்றிவந்து வில்லையை எண்ணும் குதிரைவீரன் அங்கே இல்லாததால், அதை அவர்களே தமக்கு விதித்துக்கொள்ள வேண்டியிருக்கும்.